அறுநூற்று ஒன்பதும் அறுநூற்று அறுபத்திரண்டும்

குன்னூரில், பெட்ஃபோர்டுக்குக் கீழே,
பழைய உரக்கிடங்கின் நிலவறையில் எங்கள் எண்ணும் அறை.
நான்கு பக்கமும் ஈயச் செங்கல்.
நடுவே அலுமினியச் சட்டை போட்ட
மூன்றங்குலப் படிகம்.
உப்புதான்.
சமையல் உப்புக்கு ஒன்றுவிட்ட தங்கை.
துளி தாலியம் கலந்ததால்
கதிர் பட்ட இடத்தில் நீலமாய் மினுங்குமாம்.
ஒன்பது வருடத்தில் நான் பார்த்ததில்லை.
பார்ப்பது பின்னால் ஒட்டிய குழாய்,
எனக்கு வருவது எண் மட்டும்.

கேத்தியிலிருந்து ஆலன் வந்தார்,
ஒரு பை தேயிலைத்தூளோடு.
வாங்குகிற கம்பெனிக்குச் சான்றிதழ் வேண்டும்:
சீசியம் இல்லை.
"ஒரு வரிதானே மேடம்."

அந்த ஒரு வரி நிற்கும் இடம் அறுநூற்று அறுபத்திரண்டு.
பக்கத்து வீட்டில், அறுநூற்று ஒன்பதில், பிஸ்மத்;
பாறை விடுகிற மூச்சில் பிறக்கும்
ரேடானின் கொள்ளுப்பேரன்.
இந்த மலையில் யார் பையைத் திறந்தாலும் இருப்பான்,
குற்றமில்லை.
இடைவெளி ஐம்பத்துமூன்று.
என் படிகம் நல்ல நாளில்
நாற்பத்தாறு அகலத்துக்குக் கோடு போடும்.
மயிரிழையில் இருவரும் பிரிந்து நிற்பார்கள்.

நல்ல நாள் போய்விட்டது.
பொத்தான் அளவு சோதனை மூலத்தை வைத்து
திங்கள் பார்த்தேன்: ஏழு புள்ளி ஒன்று விழுக்காடு.
புதன்: எட்டரை.
வெள்ளி: பத்தைத் தாண்டிவிட்டது.
தேயிலையை வைத்தால்
இரண்டு சிகரம் இருக்க வேண்டிய இடத்தில்
கொழுத்த ஒரே முதுகு.
(ஜன்னலுக்கு வெளியே மேகத்தில் மலைகளும் அப்படித்தான் என்று
எஸ்தர் சொன்னாள்.
ஜன்னலைச் சாத்தச் சொன்னேன்.)

முதலில் மின்சாரத்தைத் திட்டினோம்.
உயர் அழுத்தம் ஒரு விழுக்காடு ஆடினால்
சிகரம் ஏழு விழுக்காடு இடம் மாறும்.
முத்துலிங்கம் மீட்டரோடு ஒரு மணி நேரம் குந்தியிருந்தான்:
"அக்கா, இது தங்கம். ஆடவே இல்ல."
பிறகு குளிர்.
விடியலில் ஆறு டிகிரி, மதியம் இருபது;
இரவெல்லாம் எண்ணினால் சிகரம் நடந்துகொண்டே இருக்கும்,
நடந்த தடமெல்லாம் அகலமாகச் சேரும்.
ஹீட்டர் போட்டோம். கால் விழுக்காடு குறைந்தது.
பிறகு கண்ணாடிக்கும் குழாய்க்கும் நடுவே பூசிய பசை.
பிரித்தேன். குமிழி எதுவும் இல்லை.

ஆனால் பிரித்தபோதுதான் தெரிந்தது,
டார்ச் வெளிச்சத்தில், படிகத்தின் ஓரத்தில்,
பல் காறை போல மஞ்சள்.
சட்டையின் மூடியில் முடியளவு விரிசல்.
உப்பு மழைக்காலத்தில் என்ன செய்யும்
என்று எல்லாச் சமையலறைக்கும் தெரியும்.
குன்னூர் அதைக் குடித்திருக்கிறது, அது குன்னூரை.
ஒரு மூலையில் பிறக்கும் ஒளி முழுதாய் வருகிறது,
இன்னொரு மூலையில் பிறப்பது பாதி வழியில் தங்கிவிடுகிறது;
ஒரே கதிருக்கு இடத்துக்கு இடம் வேறு எண்.

பெங்களூரிலிருந்து புதியது பேருந்தில் வந்தது.
பெட்டியை உடனே திறக்கக் கூடாது,
சட்டென்று சூடு மாறினால் கீறிவிடும்.
ஒரு ராத்திரி அறையின் குளிருக்குப் பழகவிட்டோம்.
ஆலன் மூன்று முறை போன் செய்தார்.

ஏழு புள்ளி சுழியம்.
அதற்குக் கீழே வராது, பரவாயில்லை.
குறையே இல்லாத உப்பிலும்
ஒரு மினுக்கு இன்னொரு மினுக்கைப் போல் இருப்பதில்லை.
சில ஆயிரம் எலெக்ட்ரான், ஒருமுறை கூட, ஒருமுறை குறைய.
அதை எந்தப் பசையும் ஒட்டாது.

தூளை வைத்தேன். பதினாறு மணி நேரம்.
அறுநூற்று ஒன்பது தெளிவாக எழுந்தது.
அறுபத்திரண்டில் ஒரு லேசான மேடு,
அதன் பிழைக்கோடே அதைவிட உயரம்.

'கண்டறியும் எல்லைக்குக் கீழ்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
ஆலன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"அப்போ இல்லைதானே?"
"இந்த எண்ணுக்கு மேல இல்ல."
"கீழே?"
எஸ்தர் பழைய படிகத்தை
சிலிக்கா பொட்டலங்களோடு பெட்டியில் வைத்து
டேப்பைக் கிழித்தாள், சத்தமாக.
"கீழே எனக்குத் தெரியலைங்க."
தாளை நாலாக மடித்தார்,
பிறகு ஏனோ பிரித்து
மடிக்காமல் எடுத்துப் போனார்.